காய்ச்சல்காரரும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

இந்தப் பூமியில் கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் காய்ச்சல்காரர்தான். மனுஷனையே 'ஏலே' என்று கூப்பிடுகிற ஊரில், அவர் தகரப் பெட்டியைக்கூட 'அவங்க' என்பார்.

அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர். எட்டுக்கும் இன்டர்நெட்டைப் பங்கு வைத்துக் கொடுப்பது மூலையில் இருந்த சர்வர். அதில் லினக்ஸ் ஓடியது. இலவசமாகக் கிடைத்தது என்பதைத் தவிர லினக்ஸைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ள ஆயக்குடியிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வருவார் காய்ச்சல்காரர். உள்ளே நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் சர்வர் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "மேலு சுடுதுங்க" என்று கவலைப்படுவார். அவருக்குப் பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தச் சித்திரை வெயிலில் சர்வர் அடிக்கடி நின்றுபோனது. நின்றால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னை முறைப்பார்கள்.

"சூடுதானுங்க காரணம். ஆனா தொட்டுப் பாத்தா துல்லியமா தெரியாதுங்க. உள்ளயே சூடு பாக்குற சென்சார் இருக்குதுங்க, அதைப் பேச வைக்கோணும்" என்றார். பேச வைக்க டிரைவர் என்று ஒரு குட்டி புரோகிராம் வேண்டுமாம். எங்கள் சர்வரின் மதர்போர்டுக்கு அது இல்லையாம்.

மூன்று வாரம் மல்லுக்கட்டினார். வாட்ச் ரிப்பேர்க்காரரின் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு சிப்பின் நம்பரைப் படித்தார். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் யாருக்கோ மெயில் போட்டு புரோகிராம் வாங்கினார். முதல் தடவை ஓட்டியதும் நூற்றி இருபத்தேழு டிகிரி காட்டியது.

"ஏப்பா, இட்லிப் பானைய மேல ஏத்திரவா?" என்றேன். சென்டரே சிரித்தது.

மறுவாரம் மைனஸ் பதினெட்டு.

"கொடைக்கானல்லயே இம்புட்டுக் குளிரு இல்லையேய்யா!"

"சென்சார் சொல்ற நம்பரை டிகிரியாக்குற ஃபார்முலா மாறுதுங்க சார்" என்றார், கோபமே இல்லாமல். கல்லூரி லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை இரவல் வாங்கி வந்து பெட்டிக்குள்ளே ரப்பர் பேண்டால் கட்டினார். தெர்மாமீட்டரும் திரையும் ஒரே கணக்கைச் சொல்கிற வரைக்கும் ஃபார்முலாவில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு நாள் இரண்டும் ஒத்துச் சொல்லிவிட்டன. "நாப்பத்தொம்போதுல இருக்காங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஏழாம் நம்பரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை சர்வரே தன் சூட்டைக் குறித்து வைத்தது. ஒரு மாதத்துக் குறிப்பை பிரிண்ட் எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழம சாயங்காலம் இங்க என்னங்க நடக்குது? வெள்ளிக்கு வெள்ளி நாலஞ்சு டிகிரி ஏறுது. ஏறுனது எறங்கவே மாட்டேங்குதுங்க."

நடந்தது பூஜை. விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காட்டுவேன். சர்வருக்கு மட்டும் விசேஷ கவனிப்பு. ஃபேன் காற்றிழுக்கிற ஓட்டைக்கு நேராகவே நீட்டுவேன். பெட்டி மூச்சிழுத்துப் புகையை அப்படியே வாங்கிக்கொள்ளும். சாமியே ஏற்றுக்கொண்ட மாதிரி எனக்கு மெய் சிலிர்க்கும். இதைப் பெருமையாகவே அவரிடம் சொன்னேன்.

"சாம்பிராணிய மட்டும் கொஞ்சம் தள்ளிக் காட்டிக்கலாமுங்களா?" என்றார்.

அவ்வளவுதான், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டுப் பேர் பார்க்கக் கத்தினேன். "சாமிக்குக் காட்டுற புகையில கெட்டுப்போச்சாக்கும்? நீ நோண்டுன நாள்லருந்துதான்யா இது நிக்குது! இனிமே இதுல கை வைக்காத!" அவர் நோண்டுவதற்கு முன்பே அது நின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"சரிங்க சார். இப்ப அறுபத்தேழுல இருக்காங்க. ஃபேனை மட்டும் யாரையாவது விட்டுத் தொடைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் துடைக்கவில்லை. வீம்புக்கு அடுத்த வெள்ளி சாம்பிராணியை இரண்டு மடங்காகப் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். பிராசஸர் மேலிருந்த ஃபேனில் சாம்பிராணிப் பிசினும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. "என்ன சார், மூலஸ்தானத்தத் தொறந்த மாதிரி மணக்குது? யாரு பாத்தா இத?" என்றார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "முன்னாடி ஒருத்தன் பாத்தான். எல்லாம் அவன் பண்ணுன வேல" என்றேன். நாக்குக் கூசாமல் சொன்னேன். அந்தப் பேச்சு மற்ற சென்டர்களுக்கும் போனது. அதற்கப்புறம் திண்டுக்கல்லில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் ஆயக்குடிக்குப் போனேன். கொய்யாத் தோப்பில் வண்டியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றார். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

திட்டியது எட்டுப் பேர் நடுவில். மன்னிப்புக் கேட்டதோ ஒரு ஈ காக்கை இல்லாத தோப்புக்குள். ஊர் திரும்பிய பிறகும் உண்மையை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதனால் இத்தனை பேர் படிக்கிற இடத்தில் சொல்கிறேன்: சர்வரைக் கெடுத்தது அவர் இல்லை, நான்தான். ஆயக்குடிப் பக்கம் யாராவது இதைப் படித்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். எனக்கு அவர் மேல் ரொம்பப் பிரியம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.