இருநூறு சுற்றுச் சண்டை

போட்டி தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளையின் கைப்பேசியில் மனைவியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்து விழுந்தது.

'நீங்க சொன்னதை அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.'

காலுறைக்குள் பாதி நுழைந்த கால் அப்படியே நின்றுவிட்டது.

சொன்னதையா? எதை?

'எதை?' என்று அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தபோது மூக்குக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் டப்பா நீண்டது. பின்னால் பயிற்சியாளர்.

"போனைப் போடு."

"சார், ஒரே நிமிஷம். வீட்டிலேர்ந்து..."

"வீடு எங்கேயும் ஓடிப்போகாது. போடு."

கேள்வி அனுப்பப்படாமலே கைப்பேசி டப்பாவுக்குள் போனது. அடியில் ஏற்கெனவே மச்சானின் கைப்பேசி கிடந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதோடு, பத்து வருடமாக அவனோடு ஜோடி சேர்ந்து ஓட்டுகிறவன். மேடிசன் என்று ஒரு சைக்கிள் பந்தயம் உண்டு. இரண்டு பேர் ஒரு அணி. கிண்ணம் மாதிரி சரிந்த தளத்தில் ஒருவன் கீழே பந்தயத்தில் பறப்பான். மற்றவன் மேலே மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, பறப்பவன் வந்து, இறங்கி வருகிறவனின் கையைப் பிடித்து, தன் வேகத்தையெல்லாம் அதில் ஏற்றி, அவனை முன்னால் வீசி எறிய வேண்டும். இருநூறு சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை மணி அடிக்கும். அந்தச் சுற்றில் முதலில் வரும் நால்வருக்குப் புள்ளி. கூட்டத்தையே ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால் ஒரேயடியாக இருபது புள்ளி.

ஒரு காலத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எறிவார்கள். போன வருடம் மச்சானின் தங்கையை மாப்பிள்ளை கல்யாணம் செய்துகொண்டான். அன்றோடு 'டா' போனது. 'வாங்க மாப்ள', 'நீங்க முதல்ல போங்க மச்சான்' வந்தது. அணியில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"எறியச் சொன்னா, விருந்தாளிக்குத் தண்ணி குடுக்கிற மாதிரி குடுக்கறீங்களே!" என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். இந்த வருடம் ஐந்து போட்டி; ஐந்திலும் கடைசி வரிசை.

நேற்று அவர் மாப்பிள்ளையிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு முதல் மூணு இடத்துக்குள்ள வரலேன்னா ஜோடியைப் பிரிச்சிடுவேன். மச்சானுக்கு ஒரு ஆள் தயாரா இருக்கான். உனக்கு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. முப்பத்துநான்கு வயதுக்காரனுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் மனைவி எதையோ சொல்லி வைத்திருக்கிறாள். எதை? மாப்பிள்ளை யோசித்தான். மச்சானைப் பற்றி வீட்டில் அவன் சொன்னது ஒன்றா இரண்டா? சாப்பிடும்போது சொன்னது, பல் தேய்க்கும்போது சொன்னது, தலையணையில் சாய்ந்து சொன்னது என்று வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றுகூட ஒரு மனிதன் தன் மச்சானைப் பற்றிச் சொல்லக்கூடியதாக இல்லை.

வீரர்கள் காத்திருக்கும் இடத்தில் மச்சான் தன் சொந்தத் துண்டால் மாப்பிள்ளையின் சைக்கிள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் காரணமில்லாமல் சிரித்தான்.

"தண்ணி குடிக்கிறீங்களா மாப்ள?"

"வேணாம் மச்சான்."

"நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன் மச்சான்."

கொலை செய்யப் போகிறவன்தான் இவ்வளவு மரியாதையாக இருப்பான்.

"மச்சான், அது வந்து... ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. மனசில வெச்சுக்காதீங்க."

மச்சான் சட்டென்று நிமிர்ந்தான். "சேச்சே. மாப்ள, நானும்..."

நடுவர் விசில் ஊதினார். பதினாறு ஜோடிகளும் தளத்தில் ஏறின. நானும் என்ன? நானும் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றா? துப்பாக்கி வெடித்தது.

முதல் அறுபது சுற்றுக்கு அவர்கள் வழக்கம்போல ஒருவருக்கொருவர் தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி, பூஜ்யம். பலகையில் அவர்கள் அணிக்குக் கீழே எந்த அணியும் இல்லை.

இப்படியே போனால் ஜோடியும் போகும், வீட்டு நிம்மதியும் போகும். முதலில் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்துவிட்டால் கை லேசாகும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. ஆனால் எப்போது கேட்பது? இந்தப் பந்தயத்தில் இருவரும் பக்கத்தில் இருப்பது கையும் கையும் சேரும் ஒரே ஒரு விநாடிதான்.

அந்த விநாடி வந்தது. கையைப் பிடித்தான்.

"மச்சான், ஈரத்துணின்னு சொன்னது உங்க கையை மட்டும்தான்!"

எறிந்துவிட்டான். மச்சான் கூட்டத்துக்குள் போய் மறைந்தான். மாப்பிள்ளை மேலே ஏறி, பதிலுக்காக அரை நிமிடம் தவித்துக்கொண்டு சுற்றினான். மச்சான் திரும்பி வந்தான்.

"யாரு கை ஈரத்துணி?"

வழக்கத்தை விடச் சற்று இறுக்கமாகப் பிடித்து எறிந்தான்.

அடப்பாவி, இது அவனுக்குத் தெரியாதா! அப்படியானால் அவள் சொன்னது வேறு. மாப்பிள்ளை முன்சக்கரத்தைப் பார்த்தபடியே பட்டியலில் அடுத்ததற்குப் போனான்.

"அப்போ தூக்கமா? மேலே சுத்தும்போது நீங்க தூங்குறீங்கன்னு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்!"

அரை நிமிடம்.

"நானா தூங்குறேன்? பஞ்சரான டயர் மாதிரி உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு நான் சொன்னேன்தான்! அதையா இவ்வளவு பெரிசா எடுத்துக்கறீங்க?"

எறி பலமாக விழுந்தது. பஞ்சரான டயரா? மாப்பிள்ளைக்கு இது புதுச் செய்தி. யாரிடம் சொன்னான்? எப்போது சொன்னான்? கேட்பதற்கு ஆள் மேலே போய்விட்டான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று காட்டுகிறேன் பார் என்று மாப்பிள்ளை மிதித்த மிதியில் முன்னால் போன நான்கு அணிகளும் பின்னால் போயின.

ஐந்து புள்ளி.

"அபாரம்!" என்று ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் கத்தினார். "கவனித்தீர்களா, கை மாற்றும்போதெல்லாம் இந்த ஜோடி ஏதோ குறிப்புப் பரிமாறிக்கொள்கிறது. என்ன புரிதல்!"

பக்கத்து அணிக்காரன் அந்தக் குறிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்று காதைச் சாய்த்துக்கொண்டே ஓட்டினான்.

நூறு சுற்று முடிந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. தூக்கமும் இல்லை, ஈரத்துணியும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பெரிய விஷயங்கள். அதில் முதல் விஷயம் காலுறை. மச்சானிடம் ஒரு ராசிக் காலுறை இருந்தது. எந்தப் போட்டிக்கும் அதைத்தான் போடுவான். ராசி போய்விடும் என்று துவைக்கவே மாட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதி அறையில் அது காணாமல் போனது. மச்சான் மெத்தையைப் புரட்டினான், அறையைப் பெருக்க வந்தவரைக் குறுக்கு விசாரணை செய்தான், இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதுவாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை. கை சேர்ந்தது.

"காலுறையைக் குப்பையில போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க!"

எறிந்துவிட்டு மேலே ஏறினான். கீழே மச்சான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனான். அது முன்னேறுவதற்கான வேகம் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி இவனிடம் சீக்கிரம் திரும்பி வருவதற்கான வேகம். மணி அடித்ததைக்கூட மச்சான் கவனிக்கவில்லை. வழியில் கிடந்த ஐந்து புள்ளியை எடுத்துக்கொண்டு நேராக வந்தான்.

"டேய்!"

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் 'டா'. தோள்பட்டை கழன்றுவிடும் போல எறிந்தான்.

"அது என் ராசிடா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இரண்டு சுற்று கழித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. "ராசி இல்லடா, நாத்தம்! ஒரே அறையில படுத்தவனுக்குத்தான் தெரியும்!"

"உன்னை வீட்டு மாப்பிள்ளையாக்க வேணாம்னு முதல்ல சொன்னதே நான்தாண்டா!" அடுத்த எறியில் வந்தது பதில். "அதையும்தான் அவ சொல்லியிருப்பாளே! ஆமா, சொன்னேன்! என்ன இப்போ?"

மாப்பிள்ளைக்குக் கண் இருண்டது. மச்சான்தான் முன்னால் நின்று பேசிக் கல்யாணத்தை முடித்துவைத்தான் என்று ஒரு வருடமாக அவன் நன்றியில் உருகிக்கொண்டிருந்தான். அந்த நன்றிக்காகவே எத்தனை 'நீங்க', எத்தனை 'வாங்க'! அவன் கூட்டத்தை விட்டுத் தனியே பிய்த்துக்கொண்டு போனான். அடுத்து மச்சானை எறிந்தபோது அவனும் பிய்த்துக்கொண்டு போனான். யாரும் யாரையும் துரத்தவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபத்தில் இருவரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நூற்று எழுபதாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு பெரிய கூட்டத்தின் முதுகு தெரிந்தது. முழுச் சுற்று முந்திவிட்டார்கள்.

இருபது புள்ளி. பலகையில் மூன்றாம் இடம்.

கடைசிச் சுற்று நெருங்கியபோதுதான் மாப்பிள்ளைக்கு உண்மையான பயம் வந்தது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. கடைசிச் சுற்றுக்கு இரட்டைப் புள்ளி. அதை ஓட்டப் போகிறவன் மச்சான். கடைசி எறி மாப்பிள்ளையுடையது. மனதில் பாக்கி இருந்ததும் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல் எறிந்தால் கை தயங்கும். சொல்லிவிட்டால் வாழ்நாள் முழுக்க மச்சான் பேசமாட்டான்.

கை சேர்ந்தது.

"போன வருஷம் இறுதிச் சுற்றில நான் விழுந்தேனே, எவனும் என்னை இடிக்கலடா! பெரிய திரையில என் மூஞ்சி தெரிஞ்சுது, பார்த்துட்டிருந்தேன்!"

அந்த விபத்துக்காக, பக்கத்து அணிதான் இடித்தது என்று மூன்று பக்கம் புகார் எழுதி, எல்லா நடுவர்களிடமும் கொண்டுபோய்க் கொடுத்தவன் மச்சான்.

மாப்பிள்ளை எறிந்தான். அதன் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. மேலே ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான். அந்தச் சரிவில் கண்ணை மூட முடியாது. ஆகவே பார்த்தான். மச்சான் ஏதோ கத்திக்கொண்டே போனான். சத்தத்தில் கேட்கவில்லை, வாய் அசைவில் நன்றாகப் புரிந்தது. கத்திக்கொண்டே ஒருவனை முந்தினான், இன்னொருவனை முந்தினான், கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் கத்தினான்.

இரண்டாம் இடம்!

மச்சான் சுற்றி வந்து மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்தான். புகைப்படக்காரர்கள் அதைக் கட்டிப்பிடித்தல் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது கட்டிப்பிடித்தலாகவே ஆகிவிட்டது.

"மூணு பக்கம்டா! கை வலிக்க வலிக்க எழுதினேன்!"

"தெரியும்டா. எழுத்துப் பிழை திருத்தினதே நான்தானே."

பதக்கம் வாங்கிவிட்டு உடை மாற்றும் அறைக்கு வந்தபோது பிளாஸ்டிக் டப்பா பெஞ்சின்மேல் திறந்து கிடந்தது. மாப்பிள்ளை பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"சரி, அதெல்லாம் போகட்டும். உன் தங்கச்சி அப்படி என்னதான்டா சொன்னா, என்னைப் பத்தி?"

"என்கிட்டயா? என்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லலையே! நான் உன்னைப் பத்திச் சொன்னதைத்தானே உன்கிட்ட சொல்லிட்டா! அந்தப் பயத்தில எனக்குத் தண்ணிகூட இறங்கல."

"என்கிட்டயா? எப்போ?"

மச்சான் தன் கைப்பேசியை எடுத்து நீட்டினான். போட்டிக்கு அரை மணி நேரம் முன்னால் வந்த ஒரே ஒரு வரி.

'நீ சொன்னதை அவர்கிட்ட சொல்லிட்டேன்.'

மாப்பிள்ளை தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தான். இருவரும் குனிந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து, இவர்கள் வந்ததைக் கவனிக்காமல் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த பயிற்சியாளரின் குரல் கேட்டது.

"நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாமலே ரெண்டு பேரும் மொத்தத்தையும் கொட்டிட்டாங்கம்மா! அடுத்த மாசம் இதை விடப் பெரிய போட்டி, அதுக்கு உங்க அம்மாகிட்டேயிருந்து ஒரு வரி வாங்கித் தர முடியுமா?"