தலைவலிக்கு ஒரு கடலை

ஒரு காட்டில் ஒரு தலைவலி இருந்தது. காடு பெரியது, தலைவலி அதைவிடப் பெரியது. அது பூங்காவனம் என்கிற பெண்குரங்கின் தலையில் குடியிருந்தது.

சாதாரணத் தலைவலி என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். இது ஒற்றைத் தலைவலி. இடது பொட்டில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் புகுந்து, மாதத்தில் இருபது நாள் அவளை ஆட்டிவைத்தது. வந்த நாளில் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பழத்தின் வாசனை பட்டாலே குமட்டும். குரங்காகப் பிறந்துவிட்டு இந்த மூன்றும் ஆகாது என்றால் அப்புறம் என்ன பிழைப்பு? பூங்காவனம் ஆலமரப் பொந்துக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாள்.

அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. குரங்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவி வாயைத் திறந்து யாரையும் திட்ட மாட்டாள். புருவத்தை ஒருமுறை மேலே தூக்குவாள், அவ்வளவுதான். சண்டை போடுகிறவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆளுக்கொரு கிளைக்குப் போய்விடுவார்கள். பூங்காவனத்தின் புருவத்துக்கு அந்த வட்டாரத்தில் நல்ல மரியாதை இருந்தது. அவள் தலைக்கு உள்ளே நடப்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்காவிட்டால் போகட்டும். அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. கடைக்குட்டி தவிடன் அப்போதுதான் வயிற்றைக் கவ்விக்கொண்டு திரிகிற பருவம். தலைவலி நாளில் அவன் வீறிட்டால் மண்டைக்குள் ஆணி இறங்கும். வேறு வழியில்லாமல் அவனை ஓரகத்தி தனபாக்கியத்திடம் கொடுத்துவிடுவாள். தனபாக்கியம் நல்லவள்தான், குழந்தை என்றால் உயிர். ஒருநாள் தவிடன் தனபாக்கியத்தைப் பார்த்து "அம்மா" என்றான். அப்படியே திரும்பிப் பூங்காவனத்தைப் பார்த்து, தனபாக்கியத்தின் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே, "பெரியம்மா" என்றான்.

அன்றைக்கு அவளுக்குத் தலைவலி இல்லை. இருந்தும் பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் நீர்நாய் ஒன்று மீனைக் குடுவையில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, மழைக்காலத்துக்கு ஆகும் என்று புதைத்து வைத்தது. காற்றுப் புகாத குடுவைக்குள் மீன் கெட்டு விஷமாகிவிட்டது. தின்ற நீர்நாய்க்கு இமை தொங்கியது, கழுத்து நிற்கவில்லை, எமனைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தது. வந்ததும் அது சொன்ன முதல் வார்த்தை, "என் பழைய தலைவலியக் காணோமே" என்பதுதான்.

இது முள்ளம்பன்றி டாக்டர் அருமைநாயகத்தின் காதில் விழுந்தது. அவர் உடம்பு முழுக்க ஊசி. மருந்துதான் இல்லாமல் இருந்தது, இப்போது அதுவும் கிடைத்துவிட்டது. விஷத்தில் ஒரு துளியை எடுத்து, குளத்தளவு தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியை முள்ளில் தொட்டு, நெற்றியிலும் பொட்டிலும் பின்மண்டையிலும் கழுத்திலும் தோளிலுமாகக் குத்தினால் தலைவலி குறையும் என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"ஆதாரம் எங்கே?" என்று கேட்டது ஆந்தை.

ஆந்தையின் பெயர் பேராசிரியர் உத்தண்டன். காட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் இதைத்தான் கேட்பார். மழை வருகிறது என்றாலும் கேட்பார், நனைந்துகொண்டே.

"ஒரு குரங்குக்குக் குத்திப் பாத்தேனுங்க, நல்லா கேக்குது" என்றார் டாக்டர்.

"ஒரு குரங்கு ஆதாரம் ஆகாது. ஒரு குரங்கு வெறும் குரங்கு. நிறைய குரங்குகள் வேண்டும். பாதிப் பேருக்கு விஷம், பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக் கூடாது, குத்துகிற உமக்கும் தெரியக் கூடாது, ஆராய்கிறவருக்கும் தெரியக் கூடாது. எனக்கோ பகலில் கண்ணே தெரியாது. இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவர் யார்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையிலேயே தகுதியாகத்தான் பட்டது.

மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று அறிவித்தார்கள். அடுத்தநாள் விடிவதற்குள் ஆலமரத்திலிருந்து ஆற்றங்கரை வரை வரிசை. தலைவலிக்காக இத்தனை கூட்டமா என்று நினைக்காதீர்கள். ஆய்வில் சேர்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பை நிலக்கடலை கொடுக்கப்படும் என்று செய்தி கசிந்திருந்தது.

"உனக்கு மாதத்தில் எத்தனை நாள்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இருபத்தஞ்சு நாளுங்க சாமி. மிச்ச நாளும் லேசா இருக்கும்" என்றாள் தனபாக்கியம். அவளுக்கு வருஷத்தில் இரண்டு முறை வலித்தால் அதிகம். அதுவும் வெயிலில் திரிந்தால்தான்.

அடுத்து பூங்காவனம். "இருபது நாளுங்க" என்றாள். வலி வந்த நாளெல்லாம் ஒரு குச்சியை ஒடித்துப் பொந்தில் போட்டு எண்ணிவைத்திருந்ததால் அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டபோது, தனக்கு வந்திருப்பது ஒரு நோயே இல்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

கடலை எதற்கு என்று பேராசிரியர் விளக்கினார். ஊசி போட்டபின், ஆய்வின் கடைசி மாதமான கணக்கு மாதத்தில், தலைவலி வந்த ஒவ்வொரு நாளும் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். மாதக் கடைசியில் சிரட்டையில் எத்தனை கடலையோ அத்தனை நாள் தலைவலி. எளிமையான முறை. பேராசிரியர் பிறந்தது முதல் எலியைத் தவிர வேறு எதையும் தின்றதில்லை. கடலை என்பது தின்பண்டம் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை.

ஊசி போட்டார்கள். பத்து நாள் போயிற்று. பாதிக் குரங்குகளுக்குப் புருவத்தைத் தூக்க முடியவில்லை. நெற்றி வழவழவென்று, எந்தக் கவலையும் இல்லாத முகமாக ஆகிவிட்டது. யாருக்கு விஷம், யாருக்குத் தண்ணீர் என்பது பேராசிரியரைத் தவிரக் காடு முழுக்கத் தெரிந்துபோயிற்று. பூங்காவனத்துக்கு விஷம், தனபாக்கியத்துக்குத் தண்ணீர்.

பூங்காவனத்தின் பாடுதான் திண்டாட்டம். இரண்டு வாலிபக் குரங்குகள் ஒரு பலாச்சுளைக்காக மண்டையை உடைத்துக்கொண்டன. அவள் போய் நின்று புருவத்தைத் தூக்கினாள். புருவம் அசையவில்லை. அவள் ஆமோதிக்கிறாள் என்று நினைத்து இருவரும் இன்னும் உற்சாகமாக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவி வாயைத் திறந்து "டேய்" என்று கத்த வேண்டியதாயிற்று. கூட்டத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

கணக்கு மாதம் வந்தது. பெரும்பாலானோர் அந்த மாதத்துத் தலைவலி முழுவதையும் முதல் நாள் சாயங்காலமே தின்று தீர்த்தார்கள். சிலர் நேர்மையாகச் சிரட்டையில் போட்டுவிட்டு, அப்புறம் சிரட்டையிலிருந்து எடுத்துத் தின்றார்கள்.

பூங்காவனம் மட்டும் தின்னவில்லை. வலி வந்த நாளில் கடலை வாசனையே குமட்டியது. வலி இல்லாத நாளில் சிரட்டையைப் பார்ப்பாள், தொட மாட்டாள். இந்த மருந்து கேட்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒருநாள் காலை கண் விழித்தாள். வழக்கமாக வலி வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய காலை. வரவில்லை. நம்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு தவிடனை வாங்கிக்கொண்டு நுனிக்கிளைக்குப் போனாள். அவன் தாவினான், விழுந்தான், இவள் வாலைப் பிடித்துத் தூக்கினாள். அவன் அவள் காதுக்குள்ளேயே வீறிட்டான். அது வெறும் வீறிடலாக மட்டும் இருந்தது. அந்த மாதம் அதேபோல இன்னொரு நாளும் கிடைத்தது. அன்று சாயங்காலம் தவிடன் "அம்மா" என்றான். தனபாக்கியம் பக்கத்தில் இல்லை, ஆகவே அது தன்னைத்தான் என்று பூங்காவனம் முடிவு செய்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. நெற்றி மட்டும் சந்தோஷமும் காட்டவில்லை, துக்கமும் காட்டவில்லை.

மாதக் கடைசியில் சிரட்டையை எண்ணினாள். பதினெட்டு. மறுபடி எண்ணினாள். பதினெட்டேதான்.

பேராசிரியர் பட்டப்பகலில் வந்து, ஒவ்வொரு சிரட்டையாகக் காலால் தடவிப் பார்த்தார். காலி. காலி. இதுவும் காலி.

"பூரண குணம்" என்றார். "இருபத்தைந்திலிருந்து ஒன்றுமே இல்லை. உனக்கு எப்படி இருக்கிறது?"

"ஒரு வலியும் இல்லீங்க சாமி. உங்க புண்ணியம்" என்றாள் தனபாக்கியம். கடலைத்தோல் உதட்டில் ஒட்டியிருந்தது.

பூங்காவனத்தின் சிரட்டை கலகலத்தது. பேராசிரியர் எண்ணி முடித்து, யாருக்கு எது என்று மூடிவைத்திருந்த பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முகம் சுளித்தார்.

"இருபது இருந்துச்சுங்க. இப்ப பதினெட்டு. ரெண்டு நாள் கொறஞ்சிருக்கு" என்றாள் பூங்காவனம்.

"இரண்டா? ஊருக்கெல்லாம் மாதம் முழுக்கக் குறைந்திருக்கிறது, நீ இரண்டு என்கிறாய். விஷம் வாங்கியவர்கள் பக்கம் பதினெட்டு கடலை. தண்ணீர் வாங்கியவர்கள் பக்கம் ஒன்றுமில்லை. ஆக, விஷத்தைவிடத் தண்ணீர் மேல்."

டாக்டருக்கு முள்ளெல்லாம் எழுந்து நின்றது.

"சாமி, அவங்கல்லாம் கடலையத் தின்னுட்டாங்க" என்றாள் பூங்காவனம்.

பேராசிரியர் சிரித்தார். "கடலையையா? அது எண்ணுகிற சாதனம் அம்மா. சாதனத்தை யாராவது தின்பார்களா? எலியைக் கொடுத்து எண்ணச் சொல்லியிருந்தால் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது."

நாளைக் காலை சிங்கராஜா முன்னிலையில் கடைசிமுறையாக எண்ணப்படும், அந்த எண்ணிக்கைதான் செல்லும் என்று சொல்லிவிட்டுப் பறந்து போய் மரத்தில் மோதி உட்கார்ந்தார்.

டாக்டர் அருமைநாயகம் பூங்காவனத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, உங்க ஒரு சிரட்டையாலதான் மருந்து தோக்குது. தோத்துட்டா அடுத்த ஊசி கெடையாது. மூணு மாசத்துல இதோட வேகம் தீந்துபோகும். அப்புறம் பழைய இருபதுதான். சிரட்டை மட்டும் காலியா இருந்துச்சுன்னா..."

"பொய் சொல்லச் சொல்றீங்களா டாக்டரய்யா?"

"பொய் எதுக்கு? சாப்பிட்டுருங்க."

அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தலைவலி. ஒரு கடலையை உரித்ததுமே குடலைப் பிரட்டியது. தவிடனை இடுப்பில் வைத்துக்கொண்டு தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, முடியலியா? குடுங்க, நான் பாத்துக்கறேன்."

பூங்காவனம் சிரட்டையை நீட்டினாள். அந்தச் சிரட்டையில் பதினெட்டு கடலை இருந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் இல்லாத இரண்டுதான் தெரிந்தது. அவை போய்விடக் கூடாது என்றுதான் கொடுத்தாள்.

பூங்காவனத்தின் பதினெட்டுத் தலைவலியையும் தனபாக்கியம் ஒரு முனகல் இல்லாமல் தின்று முடித்தாள். தவிடனுக்கும் மென்று ஒரு வாய் ஊட்டினாள்.

மறுநாள் சிங்கராஜா பாறைமேல் உட்கார்ந்தார். பேராசிரியர் முடிவை வாசித்தார். விஷம் வாங்கியவர்கள் எல்லோரும் குணம். தண்ணீர் வாங்கியவர்கள் எல்லோரும் குணம். இரண்டும் சமம்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். தோற்கவில்லை, அதுவே போதும் என்று நினைத்தார். ராஜா யோசித்தார். ராஜா யோசிப்பது அபூர்வம், யோசித்தால் யாருக்காவது ஆகாது.

"ரெண்டும் ஒண்ணுதான்னா நல்ல மீனை எதுக்கு அழுக வைக்கணும்? மீனை இங்க அனுப்புங்க. அடுத்த ஊசி எல்லாருக்கும் தண்ணி."

குரங்குகள் கை தட்டின. அடுத்த ஊசி என்றால் அடுத்த பை கடலை.

பூங்காவனம் முன்னால் வந்தாள். "ராஜா, இல்லீங்க. என் சிரட்டையில பதினெட்டு இருந்துச்சு. அந்த மருந்து எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு நாள் கேட்டுச்சு."

"ஆதாரம் எங்கே?" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் தனபாக்கியத்தின் வயிற்றைப் பார்த்தார்கள். தனபாக்கியம் சின்னதாக ஓர் ஏப்பம் விட்டாள்.

"முகத்தைப் பாருங்க ராஜா, எவ்வளவு நிம்மதியா இருக்காங்க. இவங்களுக்குப் போயி என்ன வலி" என்றது ஒரு மான். பூங்காவனத்தின் நெற்றி வழவழவென்று இருந்தது.

தண்ணீர் ஊசி போட்டார்கள். நாளாக ஆகப் புருவம் திரும்பி வந்தது. கூட்டத்தில் சண்டை ஓய்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். இந்தச் சிகிச்சையால் தலைவியின் நிர்வாகத் திறன் கூடியிருக்கிறது என்று பேராசிரியர் இன்னொரு முடிவும் வாசித்தார்.

பொந்தில் குச்சிகள் மறுபடி இருபது ஆயின. இருபதுக்கும் பதினெட்டுக்கும் காட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்தது. காலையில் தவிடன் தனபாக்கியத்தின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, பொந்து வாசலில் வந்து உட்கார்ந்து, உள்ளே இருட்டைப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு வெளையாட வரலியா?" என்று மெல்லக் கேட்பான். சத்தம் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். அவனை யாரும் ஆய்வில் சேர்க்கவில்லை.

நீதி: தலைவலியைக் கூழாங்கல்லால் எண்ண வேண்டும். கடலையால் எண்ணினால் எல்லோரும் குணமாகிவிடுவார்கள்.