விசிலர் மறுத்த கோல்

"விசிலுடன் வருபவர்களுக்கு டிக்கெட் வழங்கப்பட மாட்டாது." மருதானைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றின் டிக்கெட் ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவித்தல் இது. திகதி இல்லை. திகதி போடாத எதையும் நான் நம்புவதில்லை. இதை மட்டும் நம்புகிறேன். யாருக்காக ஒட்டினார்கள் என்பதை நேரில் கண்டவன் நான்.

கொட்டாஞ்சேனையில் விசிலரைவிட நேர்மையான மனிதர் பிறந்ததில்லை. அவரைவிடப் பெரிய தொல்லையும் பிறந்ததில்லை. வார நாட்களில் துறைமுகத்தில் கிளார்க். ஞாயிறு பூசைக்குப் பிறகு உதைபந்தாட்ட நடுவர். விசில் மட்டும் எல்லா நாளும் கழுத்தில். பஸ் வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் ஊதுவார். ஒரு திருநாளில் புனிதரின் சுரூபம் தூக்கியவர்கள் பாண்ட் வாத்தியத்தை முந்திவிட்டார்கள் என்று ஊதினார், புனிதரே நின்றுவிட்டார்.

இந்த நேர்மை அவர் வீட்டையும் விடவில்லை. கோயில் பங்கு அணிகளின் இறுதியாட்டத்தில், மனைவியின் தம்பி அன்ரன் கடைசி நேரத்தில் அடித்த கோலை ஓஃப்சைட், பந்து வருமுன்பே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றவன் என்று மறுத்தார். அன்றோடு அன்ரன் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அக்கா தன் கணவருக்குச் சோறு போட்டார், சொதி ஊற்றவில்லை. விசிலர் வருடக்கணக்கில் காய்ந்த சோறு தின்றார், தீர்ப்பை மாற்றவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது: உலகப் புகழ் பெற்ற உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை. வெறுங்காலோடு ஒரு சிறுவன், அழுகிற தாய், தேவைப்பட்ட இடமெல்லாம் மழை. நடிகருக்குப் பந்து உதைக்கத் தெரியாது. முகம் அவருடையது, கால் வேறு யாருடையதோ. இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள்.

விசிலர் என் பக்கத்தில் இருந்தார். இடைவேளையில் கச்சான் கடலை வாங்கப் போனவர் கச்சான் இல்லாமல் திரும்பி வந்தார்.

கடைசிக் காட்சி. வீரர் மெதுவாக, மிக மெதுவாக ஓடிவந்து உதைத்தார். வேகமாக ஓடியிருந்தால் தப்பியிருப்பார். பந்து வலைக்குள் விழ, சனம் எழும்பிக் கைதட்ட, விசில் கேட்டது.

"ஓஃப்சைட்," என்றார் விசிலர், கையை உயர்த்தியபடி.

விளக்கைப் போட்டுவிட்டு மனேஜர் ஓடிவந்தார். "அய்யே, இது படம். அந்த ஆள் எப்பவோ அடிச்சு முடிச்ச கோல்."

"அப்ப எப்பவோ தொட்டுப் பிழை."

"உலகமே குடுத்த கோல் இது."

"உலகம் லைனில நிக்கேல்ல."

கச்சான் கோது பறந்தது. யாரோ அவருடைய சட்டையைப் பிடித்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவரில கை வைக்காதேங்கோ. அவர் என்ர அத்தான்."

அன்ரன். சனத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "அவனுக்கே குடுக்காத மனுசன், எனக்கு எங்க குடுக்கப் போறார்?" அந்தக் குரலில் இருந்தது கோபமல்ல, பெருமை. உலகப் புகழ் வீரரும் அன்ரனும் இப்போது ஒரே விசிலுக்கு இரையானவர்கள்.

இருவரையும் சேர்த்தே வெளியே தள்ளினார்கள். தெருவில் அன்ரன் கேட்டார்: "அவன் எவ்வளவு முன்னுக்கு நிண்டவன், அத்தான்?"

"உன்ர அளவுக்கு இல்ல."

அடுத்த ஞாயிறு அன்ரன் அக்கா வீட்டில் சாப்பிட்டார். சொதியும் வந்தது.

அந்தப் படத்தை நான் மறுபடியும் போய்ப் பார்த்தேன். கோல் காக்கிற கோலியைத் தவிர இன்னொரு தடுப்பாட்டக்காரரும் வீரருக்கு முன்னால் தாராளமாக நிற்கிறார். அது சுத்தமான கோல். விசிலர் தன் வாழ்நாளில் ஊதிய ஒரேயொரு பொய் விசில் அதுவாக இருக்கலாம். கச்சான் வாங்கப் போன இடத்தில் அவர் அன்ரனைக் கண்டாரா என்பது மட்டும் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. அவர் இருந்த காலத்தில் நான் கேட்கவும் இல்லை.