ஜெர்மனிக்காக நான் செய்த உருளைக்கிழங்கு சாலட்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். உருளைக்கிழங்கு சாலட் செய்யிறது.

பான் நகரத்தில எங்கட கட்டடத்தில எட்டு வீடு. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டி ரீவியில நடக்கிற கிழமையில வருசாவருசம் முற்றத்தில ஒரு கொண்டாட்டம் வைப்பினமாம். நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்து இதுதான் முதல் வருசம்.

கீழ்வீட்டு ஃப்ரௌ கிரெய்னர் என்னைப் படியில மறிச்சா. "இந்தமுறை ஜெர்மன் பைத்ராக் உங்கட பொறுப்போ?"

பைத்ராக்! எனக்குத் தெரியாத சொல்லோ? பிள்ளையின்ர பள்ளிக்கூட விழாவுக்கு, "உங்கட பைத்ராக் என்ன?" எண்டு கடிதம் வரும். நாங்கள் நாற்பது ரோல்ஸ் எண்டு எழுதிக் குடுப்பம். பைத்ராக் எண்டால் சாப்பாடு, ஜெர்மன் பைத்ராக் எண்டால் உருளைக்கிழங்கு சாலட். அவ்வளவுதான்.

"ஓம், கட்டாயம்!" எண்டன்.

"மற்ற எல்லாரும் மாட்டம் எண்டிட்டினம். நீங்கள் நல்ல மனுசன்," எண்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினா. ஒரு சாலட்டுக்கு ஏன் இவ கண்கலங்குறா எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்ல.

அஞ்சு கிலோ கிழங்கு அவிச்சன். என்ர மனுசி வதனி ஒரு கரண்டி வாயில வைச்சா. "சப்பெண்டு இருக்கப்பா!" எட்டுப் பச்சைமிளகாயை வெட்டிப் போட்டா.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனால், அங்க மேடை! மைக்! ஒரு வீடு மின்னுற சட்டையோட இத்தாலியாம். கட்டடத்தில இருக்கிற மற்றத் தமிழர், மூண்டாம் மாடிக் குகன் அண்ணை, பட்டு வேட்டியைத் தோளால சுத்திக்கொண்டு நிக்கிறார்.

"அண்ணை, என்ன கோலம் இது?"

"நான் கிரேக்கமடாப்பா! ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாட்டுக்குப் பாடோணும். போட்டிக்குக் குடுக்கிற பாட்டைத்தான் பைத்ராக் எண்டுறது. உனக்கு ஜெர்மனி. அதுசரி, கிண்ணத்தில என்ன?"

"சாலட்," எண்டன்.

"புள்ளியில கடைசியா வாற வீடு மாரிகாலம் முழுக்க வாசல் பனி அள்ளோணும், தெரியுமெல்லே?"

தெரியாது! எனக்கு ஏற்கனவே நாரிப்பிடிப்பு. பனி அள்ளக் குனிஞ்சால் பிறகு நிமிரவே ஏலாது.

"ஜெர்மனி!" எண்டு மைக்கில கூப்பிட்டினம். கிண்ணத்தோடயே ஏறினன்.

ஜெர்மன் மொழியில எனக்குப் பாடமாத் தெரிஞ்சது ஒண்டே ஒண்டுதான். வேலைக்குப் போகேக்க ஸ்டேஷனில தினமும் கேக்கிற அறிவிப்பு. அதை அப்பிடியே தேவார ராகத்தில இழுத்தன். தமிழில சொன்னால் இதுதான்:

"இண்டைக்கு இந்த ரயில் ஓ...டாது! மன்னிப்புக் கேக்கிறம்! ம...ன்னிப்புக் கேக்கிறம்!"

முழு முற்றமும் எழும்பி என்னோட சேர்ந்து மன்னிப்புக் கேட்டுது! மேல்வீட்டுக்காரர், "எண்பது நிமிசம் தாமதம்" எண்டு தானாவே ஒரு சரணம் சேர்த்தார். இத்தாலிக்காரி கண்ணைத் துடைச்சா.

நான் வெண்டிட்டன் எண்டே நினைச்சன்.

ஒவ்வொரு வீடும் மற்ற நாடுகளுக்குப் போட்ட புள்ளியை வாசிச்சினம். இத்தாலி ஜெர்மனிக்குப் போட்டது சைபர். சுவீடன், சைபர். ஏழு வீடு, ஏழு சைபர்!

"ஃப்ரௌ கிரெய்னர், என்ர பாட்டு நல்லா இல்லையோ?"

"என்ன கதை கதைக்கிறீங்கள்? இவ்வளவு வருசத்தில நான் கேட்ட பாட்டுகளில இதுதான் திறம்!"

"பிறகேன் சைபர்?"

"ரீவியில ஜெர்மனி அடிக்கடி கடைசியாத்தானே வாறது! இங்க ஜெர்மனிக்குப் புள்ளி போட்டால் அது உண்மையான போட்டி மாதிரி இருக்காதே!"

குகன் அண்ணையைப் பார்த்தன். குனிஞ்ச தலை நிமிராமல் என்ர சாலட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கோவிக்காதை தம்பி. உனக்குப் போட்டிருந்தால் பனியை நானெல்லோ அள்ளவேண்டி வந்திருக்கும்?"

பனி அள்ளுற சவளை ரிப்பன் கட்டி என்ர கையில தந்தினம். எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினம்.

ஜெர்மன் குடியுரிமை கிடைச்ச அண்டைக்கு அரசாங்கக் கந்தோரில ஒரு கடதாசிதான் தந்தவை. நான் ஜெர்மன்காரன் எண்டு எனக்கே நம்பிக்கை வந்தது, சைபர் புள்ளி வாங்கின அண்டைக்குத்தான்.