சிக்ஸ்டனின் சிவப்பு கார்

சாவி திரும்பவில்லை. பத்தொன்பது வருடம் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனால் எந்தக் காருக்கும் கோபம் வரத்தான் செய்யும் என்று சிக்ஸ்டன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அரத்தை எடுத்து சாவியைக் கொஞ்சம் ராவினான். திரும்பியது.

ஈஸ்டர் விருந்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததன் பலன் இது. அவன் மனைவி குன்வோரின் அண்ணன் ஹென்னிங் ஊறுகாய் மீனை விழுங்கிக்கொண்டே சீண்டினான்.

"கார்புரேட்டர் வண்டின்னா ஒதைச்சாவது கிளப்பிடலாம் மாப்ள. அது இன்ஜெக்‌ஷன் வண்டி. உன் கைக்கெல்லாம் அடங்காது."

ஹென்னிங்கும் ஒரு காலத்தில் அதே மாடல், அதே சிவப்பு வைத்திருந்தவன்; ஸ்டாக்ஹோம் டாக்டர் ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்றதாக இன்றுவரை பீற்றிக்கொள்பவன். சிக்ஸ்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோடை நடுநாள் விழாவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வருவேன், வராவிட்டால் அது உனக்கு என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லித் தொலைத்தான்.

கொட்டகைக்காரி யோர்டிஸ் கிழவி இடுப்பு எலும்பு முறிந்து மகள் வீட்டில் கிடந்தாள். கொட்டகைச் சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது. உள்ளே கூரை வரை வைக்கோல் கட்டுகள். முன்னால் தார்ப்பாய் போர்த்திய கார்.

பெட்ரோல் பம்ப் இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் செல்லமாகத் தட்டினான். ஓடியது, ஓடிய வேகத்தில் உளுத்த குழாய் வெடித்து அவனைப் பெட்ரோலில் குளிப்பாட்டியது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் பிசின் கட்டி அடைத்திருந்தன. அவற்றைக் குன்வோரின் மீன் ஜாடியில் பிசின் கரைக்கும் மருந்து ஊற்றி ஊறப்போட்டான். இன்ஜெக்டர்கள் சுத்தமாயின, அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் யாரும் மீன் சாப்பிடவில்லை.

முன்சீட்டுப் பக்கத்துச் சிறு பெட்டியில் உதட்டில் அடக்கும் புகையிலை டப்பா ஒன்று கிடைத்தது. சிக்ஸ்டனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இரண்டு நாள் குன்வோரைச் சந்தேகமாகப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது. எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்பெட்டி, அதாவது காரின் மூளை, ஈரமாக இருந்தது. ஆறிய அடுப்புக்குள் அதைக் காயவைத்துவிட்டுத் தூங்கப் போனான். விடிந்ததும் குன்வோர் இலவங்கப்பட்டை பன் சுட அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பன் வெக்கிற எடத்துல யாராவது காரோட மூளைய வெப்பாங்களா?" என்றாள் குன்வோர், புகையை விசிறிக்கொண்டே. "உங்க மூளையும் அங்கதான் இருக்கான்னு பாத்துக்குங்க."

வேறு பெட்டி பழைய கார் சங்கத்துச் செயலாளரிடம் மட்டும் இருந்தது. அந்த மனிதர் பணம் வேண்டாம் என்றார். இலையுதிர் காலக் கடமான் வேட்டைக் குழுவில் சிக்ஸ்டனின் இடத்தைக் கேட்டார். அப்பா காலத்திலிருந்து வந்த இடம். கொடுத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.

விழாவன்று காலை எஞ்சின் பூனைபோல் உறுமியது. பத்தொன்பது வருடம் முன்பே கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்திருந்த நம்பர் பலகைகளைக் காரில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தான். மாலை சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். ஹென்னிங்கின் முகம் வெளுத்தது. அவன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். அந்தச் சிறு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினான்.

"நீ ஜெயிச்சுட்ட மாப்ள," என்றான்.

சிக்ஸ்டனுக்கு மனம் இளகிவிட்டது. ஒரு வட்டம் நீயே ஓட்டிப் பார் என்று மச்சானை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, ராஜாவைப்போல் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

மைதான வாசலில் யோர்டிஸ் கிழவி ஊன்றுகோலை நீட்டி வண்டியை மறித்தாள்.

"ஒருவழியா உன் வண்டிய எடுத்துட்டியா ஹென்னிங்கு, நல்லது. ஏம்ப்பா சிக்ஸ்டன், வைக்கோலுக்குப் பின்னாடி நிக்கிற உன் வண்டிய எப்ப எடுக்கப்போற? அதுல கோழி அடைகாக்குது."