சம்பந்தி பகுதி அழிந்த ஞாயிறு

அன்று ரோவில் என்ற ஊரில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள்: என் மனைவி வசந்தி. மகள் தர்சினி. மருமகன் கபிலன். கபிலனின் அப்பா. கபிலனின் அம்மா. நானும் இருந்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் இருந்தேன்.

கலியாணப் படங்களை முதல்முறை ரீவியில் பார்க்கிற நாள். படம் எடுத்த கபிலனின் சிநேகிதன் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டான். எல்லாம் கபிலன் கொண்டுவந்த சின்னக் கறுப்பு டிஸ்குக்குள். அதை வைஃபை பெட்டியோடு கொழுவினால், வீட்டு ரீவியும் கணினிகளும் அதையே பார்க்கும்.

“மாமா, உங்கட லப்டொப்பையும் இணைச்சு விட்டிருக்கிறன். ஆறுதலாப் பாருங்கோ.”

எனக்குச் சம்பந்திகளோடு கதைக்க வராது. (யாரோடும் வராது. இவர்கள் படித்த ஆட்கள் வேறு.) அறைக்குள் போய் லப்டொப்பைத் திறந்தேன். நிறையப் படம். பக்கத்தில் சிவப்புக் கோடு. இடமில்லையாம்.

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரே பெட்டி இரண்டு இடத்தில் கிடந்தால் ஒன்றைத் தூக்கிவிடுவோம். படம் டிஸ்கில் இருக்குத்தானே, என்னிடம் எதற்கு? எங்கள் ஆட்களை விட்டுவிட்டு, ‘மாப்பிள்ளை பகுதி’ என்ற ஃபோல்டரைத் திறந்து அழிக்கத் தொடங்கினேன். நிரந்தரமாய்ப் போகும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன்.

ஹோலில் கபிலனின் அம்மா: “தம்பி, பெரியப்பா எங்க? இப்பதானே நிண்டவர்?”

“வைஃபை பிழை அம்மா. பொறுங்கோ.”

“ஐயோ, சித்தியையும் காணேல்லை!”

சத்தம் கூடியது. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். கையை வேகமாக்கினேன்.

வசந்தி எட்டிப் பார்த்தாள். “என்ன செய்யிறியள்?”

“துப்பரவாக்கிறன்.”

அவள் தலையில் கை வைத்தாள். பின்னால் வந்த தர்சினி, “அப்பா, ஸ்டொப்!” என்று கத்தினாள். எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“மாமா, அது கொப்பி இல்லை,” என்றான் கபிலன். “டிஸ்கில இருக்கிறதைத்தான் உங்கட லப்டொப் காட்டினது. இருந்தது அது ஒண்டுதான்.”

“குப்பைத்தொட்டிக்குள்ள கிடக்குமே?”

“நெட்வேர்க் டிஸ்கில அழிச்சா அதுக்குள்ள போகாது மாமா.”

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவிதான் பேசினார்: “பரவாயில்லை சம்பந்தி. பொம்பிளை பகுதி அப்பிடியே இருக்குத்தானே.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி போடப் போனேன்.

இப்போதும் அவர்கள் வீட்டு விசேஷம் என்றால், அந்தப் பெரியப்பாவே வாசலில் நின்று கத்துவார்: “என்னை அழிச்ச மனுசன் வாறார், வழி விடுங்கோ!” எல்லாரும் சிரிப்பார்கள். நான் செருப்பைக் கழற்றுவேன்.

மாப்பிள்ளை பகுதியில் மிஞ்சிய படங்கள்: மூன்று.