மாங்கொட்டைக் குவியலில் பனிச்சரிவு

சித்தூர் ஜில்லாவில் யானைக்குப் பயந்தவர்கள் உண்டு. மாங்காய் விலைக்குப் பயந்தவர்கள் உண்டு. மாமியாருக்குப் பயந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனால் பனிச்சரிவுக்குப் பயந்து வாழும் ஒரே மனிதன் எங்கள் சறுக்குதான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையோடு சரி. ஊருக்கு அவன் சறுக்கு. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் அவன் மாங்காய் கொள்முதல் பார்க்கிறான், நான் லேப் பார்க்கிறேன். இருவரும் சேர்ந்தது ஒரே வருஷம். வாங்குவது ஒரே சம்பளம், சாப்பிடுவது ஒரே கேன்டீன் சாம்பார். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் "சறுக்கு எப்படி கீறாரு?" என்றுதான் கேட்பார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு பயல் கேட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மாங்காய் சீசன் முடிந்ததும் கொள்முதல் ஆட்களுக்கு வேலை குறைந்துவிடும். மற்றவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள், தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். இவன் போனில் பனிச்சறுக்கு வீடியோ பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல் ஒரு ஜனவரியில் ரயிலேறிக் காஷ்மீர் போய்க் கற்றுக்கொண்டும் வந்துவிட்டான். அடுத்த வருஷமும் போனான். அதற்கடுத்த வருஷமும் போனான்.

சறுக்குக் கட்டைகள் அவனுக்குப் பெங்களூரில் பழையதாகக் கிடைத்தன. ஆளுயரக் கட்டைகள் இரண்டையும் மஞ்சள் வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். அது ஆடி மாதம். திருத்தணிக்குக் காவடி போகிற நேரம். பலமநேரில் ஏறிய ஒரு அம்மாள் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலேயே இன்னும் நாலு பேர். கண்டக்டர் லக்கேஜ் கேட்க வாயைத் திறந்தவர், "சுவாமி, கூச்சோண்டி" என்று முன் சீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டார்.

"நீ உண்மையைச் சொல்ல வேண்டியதுதானேப்பா?" என்றேன்.

"அவங்க பக்தியை நான் ஏன் கெடுக்கணும்?" என்றான்.

இருபது வருஷமாக நான் அந்த பஸ்ஸில் போகிறேன். எனக்கு இடம் கொடுத்த ஒருவரையும் இன்னும் காணோம்.

பனியில் சறுக்கினால் ஆனந்தப்பட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? இவன் கற்றுக்கொண்டு வந்ததில் பாதி, எப்படியெல்லாம் சாகலாம் என்பது. கொடி நட்டு, கயிறு கட்டி, சமப்படுத்தி வைத்த பாதையில் போகிறவனுக்கு அவ்வளவாக ஆபத்து இல்லையாம். கயிற்றைத் தாண்டி, யார் காலும் படாத புதுப் பனியில் இறங்குகிறவன்தான் மாட்டிக்கொள்வானாம். பெரும்பாலும் அவனேதான் தன் சரிவை அவிழ்த்துவிடுகிறானாம். இதை அவன் ஃபேக்டரி முற்றத்தில், லாரியிலிருந்து கொட்டிய மாங்காய்க் குவியலைக் காட்டி விளக்குவான்.

"கீழ நேத்து வந்த லோடு, பழுத்துப் போயி கொழகொழன்னு கீது. மேல இன்னிக்கு வந்த காய், கல்லு மாதிரி. பாக்கறதுக்கு மலை மாதிரி நிக்குது. எவனாவது ஒருத்தன் மேல கால வெச்சான்னு வெய்யி, மொத்தமா கெளம்பி வரும். பனியும் அதேதான். அடியில பழைய பனி ரவை ரவையா பிடிப்பில்லாம கீது. அதுமேல புதுப் பனி பலகை மாதிரி குந்திக்கினு கீது."

எல்லோரும் சிரித்தோம். மறுவாரம், பழம் பார்க்க வந்த வெளியூர் பார்ட்டியோடு போட்டோ எடுத்துக்கொள்ள மேனேஜர் அந்தக் குவியலின் மேல் ஏறினார். சறுக்கு தூரத்திலிருந்து "சார், எக்கொத்து சார், ஏறாதீங்க! அடியில பழுத்துகீது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவன் வந்து சேருமுன் குவியல் கிளம்பிவிட்டது. இடுப்புவரை தோத்தாபுரி மாங்காயில் புதைந்து, மேனேஜர் போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பு மாறாமல் நின்றார். அன்று முதல் சறுக்குக்கு ஜனவரியில் கேட்டபடி லீவு. என் தங்கை கல்யாணத்துக்கு அதே மேனேஜர் ஒன்றரை நாள் கொடுத்தார்.

அப்புறம் பீப் கருவி வந்தது. பனிக்குள் புதைந்தவன் உடம்பில் கட்டியிருப்பது சிக்னல் அனுப்பும். மேலே நிற்பவன் கையில் இருப்பது அதைப் பிடித்து, கிட்டே போகப் போக வேகமாகக் கத்தும். கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் உள்ளே இருப்பவன் பிழைப்பது கஷ்டமாம். "மலையில ஆம்புலன்ஸ் வராதுபா. கூட வந்தவன்தான் ஆம்புலன்ஸு," என்பான். பழகுவதற்குப் பனி வேண்டுமே? ஃபேக்டரிக்குப் பின்னால் மாங்கொட்டைக் குவியல் இருந்தது. அதில் ஒரு கருவியைப் புதைத்துவிட்டு, ஈ மொய்க்க மொய்க்க எங்களைத் தேடவிடுவான். ஒருநாள் அதை என் டிபன் பாக்ஸுக்குள் வைத்துப் புதைத்துவிட்டான். உள்ளே எலுமிச்சை சாதம் இருந்தது. நான் எவரும் தேடாத வேகத்தில் தேடினேன்.

"பாத்தியா? உள்ள நம்மளது இருந்தாதான் கை வேகமா ஓடும்," என்றான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரி ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. "அந்தாளு வருஷா வருஷம் காஷ்மீர் போயிக்கினு வர்றாரு. நீயும் கீறியே, திருப்பதி தாண்டினா தலை சுத்துதுன்ற." அவ்வளவுதான். இந்த ஜனவரியில் நானும் கிளம்பினேன். நான் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்க்காரன். அம்மா கட்டுத் துணியும் எண்ணெயும் மூட்டை கட்டிக் கொடுத்து, "கால உடைச்சிக்கினு வராத நைனா. உடைஞ்சாலும் கவலைப்படாத, நம்ம ஊர்ல கட்டிக்கலாம்" என்று தைரியம் சொல்லி அனுப்பினாள்.

குல்மார்க்கிலும் அதே கதை. டீக்கடைக்காரர் அவனைக் கட்டிப்பிடித்தார். கைடு கட்டிப்பிடித்தார். கட்டைகளை வாடகைக்கு விடுகிறவர் இரண்டு முறை கட்டிப்பிடித்தார். என்னிடம் "ஷூ சைஸ்?" என்றார்கள். நான் மூன்று நாளில் நாற்பது தடவை விழுந்து, நாலாம் நாள் விழாமல் கொஞ்ச தூரம் போனேன். போனதும் இவனை ஒரு நாளாவது முந்த வேண்டும் என்ற எண்ணம் என்னுள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மலை மேலே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு. அவன் போனைத் திறந்தால் முதலில் வருவது அதன் படம்தான். மூன்று குளிர்காலமாக அவன் போகும்போதெல்லாம் புயல், அல்லது ஆபத்து என்று தடை. இந்த முறை ஏழாம் நாள் நல்ல வெயில் அடித்தது. கைடு குழி தோண்டிப் பனியைத் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் உறுதியாக இருக்கிறது, பழகினவர்கள் ஒவ்வொருவராக இறங்கலாம், வலப்பக்கம் யாரும் போகக்கூடாது என்றார். பெங்களூர்ப் பையன்கள் இருவர் ஸ்னோபோர்டைக் கட்டிக்கொண்டு தயாரானார்கள். என்னைக் காட்டி, "இவர் மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கட்டும்" என்றார் கைடு.

சறுக்கு கட்டையை மாட்டினான். கண்ணாடியை இறக்கினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நிப்பியாப்பா?"

"நிக்கிறேன்பா. நீ போ."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். குனிந்து கட்டையைக் கழற்றினான்.

"நீ நிக்க மாட்ட. நான் கீழ போயி சேர்றதுக்குள்ள, பொறாமையிலயே வலப்பக்கமா இறங்கிடுவ. மூணு நாளா அந்தப் பக்கமே பாத்துக்கினு கீற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொன்னது பொய்யாக இருந்தால் கோபம் இவ்வளவு வந்திருக்காது. கைடும் பையன்களும் ஒவ்வொருவராக இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டு பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பனியில் போட்ட வளைவுகளைச் சறுக்கு கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோப் காரை நோக்கி நடந்தான். நானும் பின்னால் போனேன்.

ரோப் கார் பாதி இறங்கியிருக்கும். லாரியின் பின்கதவைத் திறந்து லோடு கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினோம். நான் கண் வைத்திருந்த வலப்பக்கம் முழுதும் பலகையாக உடைந்து, புகை கிளப்பிக்கொண்டு கீழே போனது. அதில் யாரும் இல்லை. புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அடியில பழுத்துகீது," என்றான் சறுக்கு. பையிலிருந்து முறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினான். "துன்னு."

ஊருக்கு வந்த பிறகு அந்தச் சரிவைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. என்னால் அது போயிற்று என்றும் சொல்லவில்லை. போனில் இன்னும் அதே படம்தான் இருக்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து நான் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஃபேக்டரி வாசலில் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன்.

இப்போது அக்கவுண்ட்ஸுக்கு ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், நாயுடுபேட்டைக்காரர். அடுத்த ஜனவரியில் அவரும் வருகிறாராம். நேற்று லேப் ஜன்னல் வழியே பார்த்தால், கொட்டைக் குவியலில் அவர் ஒரு கையில் கருவியும் மறு கையில் தோண்டுகிற ஷவலுமாக வளைய வருகிறார். சறுக்கு பக்கத்தில் நின்று கைதட்டுகிறான். "சூப்பரு! இவர விட வேகமா எவனும் எடுத்ததில்லபா!" என்று என்னைப் பார்த்தே கத்துகிறான்.

டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்த கூழை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய், நாயுடுபேட்டைக்காரர் கையிலிருந்த ஷவலைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் வேண்டுமானால் காஷ்மீர் வரட்டும், படம் எடுக்கட்டும், டீ குடிக்கட்டும். சறுக்கு புதைந்தால் தோண்டி எடுப்பவன் நான்தான்.